போட்ட யூரியா எங்கே போகிறது? மண்ணுக்குப் பிடிமானம் கொடுப்பது பற்றி

கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்நகர் பக்கம் எங்களுக்கு முப்பது செண்டு விளை, அதாவது மேட்டுத் தோட்ட நிலம், இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணனின் விளை. போன ஆண்டு வைகாசி பிறந்ததும் அவர் தன் ஏத்தன் (நேந்திரன்) வாழைகளுக்கு யூரியா வைத்தார். தடம் வெட்டி, தூவி, மண் மூடி, தண்ணீர் விட்டு எல்லாம் முறையாகத்தான் செய்தார். இரண்டு வாரம் கழித்து இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்தது. நாலு நாள் விடவில்லை. மழை ஓய்ந்து வெயில் வந்தபோது, கருகருவென்று நிற்க வேண்டிய வாழைகளின் அடி இலைகள் வெளிறிக் கிடந்தன.

"போட்ட வளமெல்லாம் ஒலிச்சுப் போச்சு மக்கா. இன்னொரு மூடை வாங்கணும்" என்றார்.

போட்டது மழையில் அடித்துப் போய்விட்டது என்று அவர் சொன்ன முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. இரண்டாவது பாதிதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் அந்த இரண்டாவது மூடையும் அடுத்த மழையில் அதே வழியாகத்தான் போகும். ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று என்று இரண்டையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. மழை இல்லாத நாளாகப் பார்த்து உரம் வைப்போம் என்றால் நமக்குக் கிடைக்கும் இடைவெளி குறைவு. அதனால் மழையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மண்ணையும் பார்க்க வேண்டியிருக்கிறது. போட்ட சத்தை வேர் எடுக்கும் வரை பிடித்து வைக்கிற சக்தி மண்ணுக்கு இருந்தால், உரமும் மிஞ்சும், கிணற்றுத் தண்ணீரும் தப்பிக்கும். அந்தப் பிடிமானத்தை எதைப் போட்டு ஏற்றலாம் என்பதுதான் இங்கே விஷயம். வேதியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மண்ணுக்குள் யூரியா என்ன ஆகிறது

ஒரு மூடை யூரியா இப்போது 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது கிட்டத்தட்ட 20.7 கிலோ. மூடையின் விலை 266 ரூபாய் 50 காசு. இவ்வளவு மலிவாகக் கிடைப்பதால்தான் "இருக்கட்டும், இன்னொரு கை போடு" என்ற பழக்கமும் வந்துவிட்டது.

யூரியாவை வாழை அப்படியே எடுத்துக்கொள்வது மிகவும் குறைவு. ஈர மண்ணில் விழுந்ததும் அது கரைகிறது. மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி, இரண்டு மூன்று நாளில் அதை அமோனியமாக மாற்றிவிடும். அப்புறம் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற நுண்ணுயிர்கள் அந்த அமோனியத்தை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நம் ஊர்ச் சூட்டில், ஈரமும் இருந்தால், இதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் போதும். அண்ணன் யூரியா வைத்ததற்கும் மழைக்கும் இடையில் இருந்த அந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பாருங்கள். மழை வரும்போது அவர் வைத்ததில் பெரும்பகுதி நைட்ரேட்டாக மாறித் தயாராக நின்றிருக்கும்.

நைட்ரேட்டாக மாறினால் என்ன என்று கேட்கலாம். வாழை நைட்ரேட்டை விரும்பித்தான் எடுக்கும், அதில் குறை இல்லை. சிக்கல் மண்ணோடுதான். களிமண் துகளின் மேற்பரப்பிலும் மட்கின் மேற்பரப்பிலும் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. அமோனியத்துக்கு நேர் மின்னூட்டம். எதிரும் நேரும் ஈர்க்கும் என்பதால் அமோனியம் மண்ணில் ஒட்டி உட்கார்ந்துவிடும். நைட்ரேட்டுக்கு மண்ணைப் போலவே எதிர் மின்னூட்டம். மண் அதைத் தள்ளிவிடும். உட்கார இடம் கிடைக்காத நைட்ரேட், தண்ணீரிலேயே மிதந்துகொண்டு, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். மழை கீழே இறங்கினால் அதுவும் இறங்கும். வேருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது நம் கணக்கில் இல்லை.

யூரியா வைத்த அன்றைக்கே பெருமழை கொட்டினால் கதை வேறு மாதிரி. யூரியாவுக்கு மின்னூட்டமே இல்லை, அதனால் அமோனியமாக மாறும் முன்பே நேராகக் கரைந்து இறங்கும். வைத்த உடனே பெய்தாலும் நட்டம், இரண்டு வாரம் கழித்துப் பெய்தாலும் நட்டம். நடுவில் அமோனியமாக இருக்கும் அந்தச் சில நாள்தான் பாதுகாப்பான காலம்.

கேசரிப் பொடியும் மீன்தொட்டி மருந்தும்

இதைக் கண்ணால் பார்த்தால்தான் மனசில் பதியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நான் செய்தது இது. இரண்டு தண்ணீர் பாட்டில்களின் அடியை வெட்டி, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, வாயில் துணி கட்டி, இரண்டிலும் விளையின் மண்ணை நிரப்பினேன். கட்டியும் கல்லும் இல்லாமல் சலித்த மண், சரிசமமாக. முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டேன்.

ஒரு பாட்டிலில் கேசரிப் பொடி கரைத்த தண்ணீரை ஊற்றினேன். கேசரிக்குப் போடும் அந்த மஞ்சள், ஆரஞ்சு சாயங்களுக்கு நைட்ரேட்டைப் போலவே எதிர் மின்னூட்டம். இன்னொன்றில் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் ப்ளூ மருந்தில் சில துளி கலந்த தண்ணீர். அதற்கு அமோனியத்தைப் போல நேர் மின்னூட்டம். (கையில் பட்டால் நாலு நாளைக்கு நீலம் போகாது, கவனம்.) கொஞ்ச நேரத்தில் முதல் பாட்டிலின் அடியில் வைத்த டம்ளரில் ஆரஞ்சுத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. நீலம் ஊற்றிய பாட்டிலில் சொட்டியது நிறமில்லாத தண்ணீர். வெட்டிப் பார்த்தால் நீலமெல்லாம் மேல் இரண்டு விரற்கடையிலேயே நின்றிருந்தது.

சின்னவள் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "அப்போ நாம போடுற உரம் இதா?" என்று கேட்டாள். ஆமாம், அந்த டம்ளரில் இருப்பதுதான்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நல்ல சிவந்த சரள் (சிறு கல் கலந்த) மண்ணில் இதைச் செய்தால் கேசரி நிறமும் கொஞ்சம் மண்ணில் தங்கும். சரளில் இருக்கும் இரும்பு ஆக்சைடுகளுக்கு, மண் புளித்திருக்கும்போது (அமிலத்தன்மை கூடியிருக்கும்போது), ஓரளவு நேர் மின்னூட்டம் வரும். அந்த அளவுக்கு நைட்ரேட்டையும் தடுக்கும். ஆனால் நம்பி உட்காரும் அளவுக்கு இல்லை.

ஒரு மழை எவ்வளவு ஆழம் கொண்டுபோகும்

50 மில்லிமீட்டர் மழை என்று செய்தியில் சொல்கிறார்களே, ஒரு செண்டு நிலத்தில் அது 2,000 லிட்டருக்கு மேல். ஏற்கனவே நனைந்து நிற்கும் மண்ணில் இந்தத் தண்ணீர் விழுந்தால், மேலே இருக்கும் பழைய தண்ணீரைக் கீழே தள்ளிக்கொண்டு இறங்கும். எவ்வளவு தூரம் தள்ளும் என்பது, அந்த மண் எவ்வளவு தண்ணீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் என்பதைப் பொறுத்தது. மணல் தன் கன அளவில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரைத்தான் வைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 50 மில்லிமீட்டர் மழை நைட்ரேட்டை அரை மீட்டர் கீழே தள்ளிவிடும். பத்தில் மூன்று பங்கு வைத்திருக்கும் களிப்பான மண்ணில் அதே மழை 17 சென்டிமீட்டர்தான் தள்ளும்.

வாழையின் உண்ணும் வேர்கள் பெரும்பாலும் மேல் 30, 40 சென்டிமீட்டருக்குள் இருக்கின்றன. ஆக, மணலில் ஒரே ஒரு நல்ல மழை போதும், கைக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட. களிப்பான மண்ணில் அதே வாழைக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது.

நம் மாவட்டத்தில் மண் ஊருக்கு ஊர் மாறும். ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி என்று கடலோரம் போனால் மணல். முட்டம் பக்கம் தேரி போலச் செம்மணல். கல்குளம், விளவங்கோடு மேட்டு விளைகளில் சரளும் செம்மண்ணும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஏலாக்களில் கனமான வயல் மண். செம்மண்ணிலும் களி உண்டே என்று சொல்வீர்கள். உண்டுதான். ஆனால் சரள் மண்ணில் இருப்பது பிடிமானம் குறைந்த வகைக் களி. காலம் காலமாக மழையில் கழுவப்பட்டு, பிடித்து வைக்கும் இடங்கள் தேய்ந்துபோன களி. அதில் பிடிமானத்தின் பெரும்பங்கு மட்கிலிருந்துதான் வருகிறது. அந்த மட்கைத்தான் நாம் பல ஆண்டாகத் திருப்பிப் போடாமல் இருக்கிறோம்.

தனியாகப் போவதில்லை

நைட்ரேட் இறங்கும்போது கூடவே ஆளையும் கூட்டிக்கொண்டு போகும். எதிர் மின்னூட்டம் உள்ள ஒன்று தண்ணீரோடு கீழே போனால், மின்னூட்டக் கணக்கு சரியாக இருக்க, நேர் மின்னூட்டம் உள்ள ஒன்றும் கூடப் போக வேண்டும். அப்படிப் போவது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம். வாழைக்குப் பொட்டாஷ் எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அமோனியம் நைட்ரேட்டாக மாறும்போது மண்ணில் அமிலமும் சேர்கிறது. சுண்ணாம்புச் சத்து போய், அமிலம் மிஞ்சி, மண் வருடத்துக்கு வருடம் புளிக்கிறது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். வேர் குட்டையானால் அடுத்த முறை நைட்ரேட்டை எட்டிப் பிடிக்க முடியாது. இந்தச் சுற்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கீழே போனது கிணற்றுக்கு வருகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனம் 50 என்று வைத்திருக்கிறது. இதில் அதிக ஆபத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு. புட்டிப்பாலை அந்தத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால், நைட்ரேட் உடலுக்குள் நைட்ரைட்டாகி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் வேலையைக் கெடுக்கும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூக்கும். முக்கியமான ஒன்று: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். "நல்லா கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன்" என்று சொல்லும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். கிணற்றுக்கு நைட்ரேட் உரத்திலிருந்து மட்டும் வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் கக்கூஸ் குழியும் மாட்டுத் தொழுவமும் தங்கள் பங்கைச் சேர்க்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிடலாம்.

மூன்று வழியில் பிடிக்கலாம்

மண்ணில் எதைச் சேர்த்தாலும் அது மூன்றில் ஒரு வேலையைத்தான் செய்ய முடியும். ஒன்று, தண்ணீரைப் பிடித்து வைத்து, நைட்ரேட் இறங்கும் வேகத்தைக் குறைக்கும். இரண்டு, அமோனியத்தைப் பிடித்து வைத்து, அல்லது அது நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தி, தப்பிக்கும் சரக்கையே குறைக்கும். மூன்று, நுண்ணுயிர்களுக்குத் தீனி கொடுத்து, அவை நைட்ரேட்டைத் தங்கள் உடலில் சேர்த்து வைக்கும்படி செய்யும். கடைக்காரர் எதையாவது கையில் கொடுத்தால், இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

கடலோர மணலுக்கு முதலில் நான் சொல்வது குளத்து வண்டல். நம் மாவட்டத்தில் குளங்களுக்குப் பஞ்சம் இல்லை. கோடையில் வற்றிய குளத்தின் அடியில் படிந்திருப்பது, மேட்டு நிலங்களிலிருந்து மழை அடித்து வந்த நுண்ணிய களியும் மட்கும்தான். நம்மிடமிருந்து போனதைத் திரும்பக் கொண்டுவருகிறோம். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க அரசு இலவசமாக அனுமதி தருகிறது, வட்டாட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். எல்லாக் குளத்திலும் களி இருக்காது, சில இடத்தில் வெறும் மணலே படிந்திருக்கும். கையில் கொஞ்சம் எடுத்து ஈரமாக்கி உருட்டுங்கள். சப்பாத்தி மாவு போல உருண்டு, திரித்தால் கயிறு போல நீண்டால் எடுக்கலாம். உருட்டவே வராமல் உதிர்ந்தால் லாரி வாடகை வீண். வாழைத் தடத்துக்கு இரண்டு கூடை என்று போட்டு, மேல் மண்ணோடு நன்றாகக் கலக்க வேண்டும். கலக்காமல் மேலே பரப்பினால் காய்ந்து ஓடு போல இறுகிவிடும்.

தொழு உரமும் மட்கும் எல்லா மண்ணுக்கும் பொருந்தும். மூன்று வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். இதில் ஒரு தவறு மட்டும் பரவலாக நடக்கிறது. கோழி எருவை வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டு, யூரியாவையும் வழக்கம்போல முழு அளவு வைக்கிறார்கள். கோழி எருவிலும் நிறையத் தழைச்சத்து இருக்கிறது. அதுவும் அமோனியமாகி, நைட்ரேட்டாகி, அதே மழையில்தான் இறங்கும். இயற்கையான பொருள் என்பதற்காக நைட்ரேட் கிணற்றுக்குப் போகாமல் நிற்காது. எரு போட்டால் யூரியாவில் கழித்துக்கொள்ள வேண்டும்.

தும்பு ஆலைக் கழிவு

தென்னை நார்க்கழிவு நம் ஊரின் சொத்து என்பேன். தும்பு ஆலை வாசலில் மலை போலக் கிடக்கும் அந்தப் பழுப்புத் தூள், தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடிக்கும். நம் முன்னோர் தென்னந்தடத்தில் கதம்பையை (தேங்காய் மட்டையை) கவிழ்த்துப் புதைத்ததும் இதே கணக்கில்தான். கோடைக்கு ஈரம் நிற்க வேண்டும் என்று புதைத்தார்கள், மழைக்குச் சத்தும் நின்றது.

ஆனால் அதைப் பச்சையாகப் போட்டால் வாழை வெளிறும். ஏன் என்று புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் இதில்தான் மூன்றாவது வழியின் சூட்சுமம் இருக்கிறது. மண் நுண்ணுயிர்கள் 24 பங்கு கரிமத்தை (கார்பனை) தின்ன ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். பச்சை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் சுமார் 112க்கு 1 என்ற அளவில் இருக்கின்றன. தின்ன ஏராளமாக இருக்கிறது, கூட்டுக்குத் தழைச்சத்து இல்லை. அப்போது அவை என்ன செய்யும்? மண்ணில் இருக்கும் அமோனியத்தையும் நைட்ரேட்டையும் இழுத்துத் தங்கள் உடலில் சேர்த்துக்கொள்ளும். பயிர் பட்டினி. அதே நேரம் நைட்ரேட் கிணற்றுக்கும் போகவில்லை, நுண்ணுயிரின் உடலில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அவை செத்து மக்கும்போது திரும்பவும் வெளியே வரும்.

இந்தப் பூட்டை எப்போது போடுவது என்பதில்தான் கைத்திறன். பயிர் நிற்கும்போது வேருக்கு அருகே போட்டால் கேடு. குலை வெட்டி முடித்து நிலம் சும்மா கிடக்கும் மழைக்காலத்தில், மண்ணில் மிஞ்சிக் கிடக்கும் நைட்ரேட்டைப் பூட்ட வைக்கோல், சவறு (காய்ந்த இலைச் சருகு) போன்ற காய்ந்த பொருளை மேல் மண்ணில் கலந்துவிட்டால் நன்மை. பயிர் நிற்கும் நிலத்துக்கு மக்க வைத்த நார்க்கழிவுதான் வேண்டும். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக் காளான் வித்து என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் குறையாமல் நிழலில் 60 நாள் வைத்தால், அந்த 112 இறங்கி 24க்கு 1 என்ற அளவுக்கு வரும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் முறை. பழுப்பு நிறம் கருத்து, கையில் பிழிந்தால் சொரசொரப்புக் குறைந்து, காட்டு மண் வாசனை வரும். அப்போது எடுக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. காயலில் ஊற வைத்த மட்டையிலிருந்து வந்த கழிவில் உப்பு இருக்கும். ஒரு மழைக்காலம் வெளியே கிடந்து கழுவப்பட்டதை வாங்குங்கள், அல்லது நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

கரி

சரள் மண்ணுக்கு எனக்குப் பிடித்த பொருள் கரி. உமிக்கரி, சிரட்டைக் கரி, மரச்சீனி (மரவள்ளி) கம்பை எரித்த கரி, எதுவானாலும் சரி. காற்று குறைந்த இடத்தில் எரிந்து கருப்பாக நின்றால் அது கரி. காற்றோட்டத்தில் முழுதும் எரிந்து வெளுத்தால் அது சாம்பல். இரண்டும் ஒன்றில்லை. சாம்பலில் இருக்கும் பொட்டாஷ் மழையில் சீக்கிரம் கரைந்துவிடும், கரி மண்ணில் பல்லாண்டு நிற்கும்.

உமிக்கரி செய்வதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், பிடிபட்டுவிடும். எண்ணெய் டின் ஒன்றில் சுற்றிலும் ஆணியால் துளை போட்டு, மேலே ஒரு தகரக் குழாயைச் செருகி, டின்னுக்குள் சிரட்டைத் துண்டுகளைப் பற்ற வைக்க வேண்டும். தீ நின்று எரியத் தொடங்கியதும், டின் மறையும்படி சுற்றிலும் உமியைக் குவித்துவிட வேண்டும். புகை குழாய் வழியாகப் போகும். உள்ளே இருந்து வெளியே பார்த்து உமி கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும். வெளி உமியில் அங்கங்கே கரும்புள்ளி தெரிந்ததும் மண்வெட்டியால் புரட்டிவிட வேண்டும். முழுக் குவியலும் கருத்ததும், ஓரம் வெளுக்கும் முன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். இங்கே சோம்பினால் காலையில் வெறும் சாம்பல்தான் இருக்கும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது.

புதுக் கரி நைட்ரேட்டை நேரடியாக அவ்வளவு பிடிக்காது. அமோனியத்தையும் தண்ணீரையும் பிடிக்கும். அதுவே ஓரிரு மாதம் தொழு உரக் குழியில் கிடந்தால், அதன் துளைகளில் மட்கு படிந்து, நைட்ரேட்டையும் ஓரளவு பிடித்து வைத்து மெல்ல விடும். அதனால் கரியைச் சாணியோடும் மாட்டு மூத்திரத்தோடும் கலந்து ஊற வைத்த பிறகே மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். வெறும் கரியைப் போட்டால் அது முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும், பயிர் சில வாரம் காத்திருக்கும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போட்டால் ஒரு செண்டுக்கு 40 கிலோ, எக்டேருக்கு 10 டன். அவ்வளவு கரி யாரிடமும் ஒரே வருடத்தில் சேராது. வாழைக்கன்று நடும் குழிக்கு மட்டும் இரண்டு கிலோ என்று ஆரம்பிக்கலாம். கரி கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, புளித்த மண்ணுக்கு அதுவும் ஒரு ஆறுதல்.

வேப்பம் புண்ணாக்கு

வேம்பு வேறு வழியில் வேலை செய்கிறது. அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேகத்தை அது மட்டுப்படுத்தும். அமோனியமாக இருக்கும் நாள் நீளும், வேருக்கு நேரம் கிடைக்கும். "இப்போ வர்ற யூரியா எல்லாமே வேம்பு பூசினதுதானே, அப்புறம் எதுக்குப் புண்ணாக்கு?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா கிட்டத்தட்ட முழுவதும் வேம்பு பூசியே வருகிறது. ஆனால் விதிப்படி அதில் இருக்க வேண்டிய வேப்ப எண்ணெய் கிலோவுக்குக் குறைந்தது 350 மில்லிகிராம். ஒரு மூடைக்குக் கணக்குப் போட்டால் 16 கிராம் கூட வராது. இடவப்பாதிக்கு முன்னால் அது போதாது.

யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு என்று கலந்து இரவு முழுக்க வைத்திருந்து மறுநாள் போடுவது நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. ஒரு மூடை யூரியாவுக்கு ஜிப்சம் 36 கிலோ, பொடித்த புண்ணாக்கு 9 கிலோ. வாழைக்கும் நாங்கள் யூரியாவோடு புண்ணாக்கை அதே ஐந்துக்கு ஒன்று கணக்கில் கலந்துதான் வைக்கிறோம். புண்ணாக்கைத் தட்டித் தூளாக்க வேண்டும். கட்டியாக இருந்தால் யூரியா மணியோடு ஒட்டாது. லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறினால் ஒவ்வொரு மணியும் பழுப்புச் சட்டை போட்டது போல ஆகிவிடும். புங்கம் புண்ணாக்குக்கும் இதே குணம் உண்டு.

சியோலைட் என்ற கனிமத்தையும் இப்போது விற்கிறார்கள். அமோனியத்தை உண்மையிலேயே நன்றாகப் பிடிக்கும். விலைதான் நம் விளைக்குக் கட்டுப்படியாகாது. மாடித்தோட்டத் தொட்டிக்கும் நாற்றங்காலுக்கும் சரி. சுண்ணாம்பு புளித்த மண்ணுக்கு அவசியம், வேர் ஆழமாகப் போக உதவும். ஆனால் புளிப்பு இறங்கினால் நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுண்ணாம்பு போட்ட வருடத்தில் யூரியாவை இன்னும் சின்னச் சின்ன அளவாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

நெல் வயலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தொளி அடித்து (சேறாக உழுது) தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் ஆக்சிஜன் இல்லாததால் நைட்ரேட் உருவாவதே குறைவு, உருவானதும் பெரும்பாலும் காற்றில் வாயுவாகப் போகும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவத்திலும் நட்டம் உண்டு, ஆனால் அது வேறு பாதை. இங்கே சொன்னது விளைக்கும் தோப்புக்கும்: வாழை, மரச்சீனி, காய்கறி, தோவாளைப் பக்கத்துப் பூந்தோட்டங்கள்.

எதைச் சேர்த்தாலும் யூரியாவின் அளவு தேவைக்கு மேல் போனால் எந்த மண்ணும் பிடிக்காது. மண் பரிசோதனை செய்து அளவைத் தெரிந்துகொண்டு, அதையும் மூன்று நான்காகப் பிரித்து வைப்பதுதான் அடிப்படை. கரியும் வண்டலும் அதற்கு மேல்தான் உதவும்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. ஒரு வரிசை வாழைக்கு மட்டும் செய்து, அடுத்த வரிசையை வழக்கம்போல விடுங்கள். மழை முடிந்த பிறகு இரண்டு வரிசையிலும் ஒரு முழ ஆழத்திலும், இடுப்பளவு ஆழத்திலும் மண் எடுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மழைத் தண்ணீர் கலந்து குலுக்கி, தெளிந்ததும் மீன்தொட்டிக்கு விற்கும் நைட்ரேட் பட்டையை முக்கிப் பாருங்கள். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு நைட்ரேட். துல்லியமான அளவு கிடைக்காது, வித்தியாசம் தெரியும். போன ஐப்பசி மழைக்குப் பிறகு நானும் அண்ணனும் இதைச் செய்தோம். அவர் விளையில் ஆழத்து மண்ணின் பட்டை நன்றாகச் சிவந்தது, மேல் மண் வெள்ளையாக நின்றது. எங்கள் கரி போட்ட வரிசையில் மேல் பட்டையில் நிறம் இருந்தது, ஆழத்தில் லேசாகத்தான். அவர் இரண்டு பட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணெய் டின்னை இந்த வாரம் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.